பாயின்ட் கையில் இருக்கிறது, பஸ் எப்போது வரும்?

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், சேர்த்து வைத்த ஹோட்டல் பாயின்டை (காசுக்குப் பதில் கொடுத்து அறை எடுக்க உதவும் புள்ளிகள்) அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம் என்று போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் நம்மவர்களில் பாதிப் பேர் பாயின்ட் சேர்ப்பதை ஒரு உபதொழிலாகவே செய்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு இரவுக்கு எத்தனை பாயின்ட் என்று எல்லாருக்கும் தெரிகிறது. காலையில் அறைக் கதவைப் பூட்டிவிட்டு பார்க் வாசலுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதை மட்டும் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் ஆர்லாண்டோவுக்கே.

கேள்வி: நான், கணவர், 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மேரியாட் ஹோட்டல்களின் பாயின்ட் திட்டமான பான்வாயில் 2,10,000 பாயின்ட் இருக்கிறது. டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களில் 5 இரவு தங்கலாமா, அல்லது வெளியே மலிவான மேரியாட்டில் தங்கிப் பாயின்டை மிச்சம் பிடிக்கலாமா? நாத்தனார் வெளியேதான் தங்கச் சொல்கிறார். (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: நாத்தனாரோடு மோத வைக்கிறீர்களே! இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் கணக்குக்கு உள்ளேதான் சரி.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டிஸ்னி வேர்ல்டு என்பது ஒரு பார்க் அல்ல. மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நாலு பார்க்குகள், சுமார் 40 சதுர மைலில் ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி இருக்கின்றன. இதன் நடுவில், எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இடையில், 1990-ல் திறந்த ஸ்வானும் டால்ஃபினும், 2021-ல் வந்த ஸ்வான் ரிசர்வும் நிற்கின்றன. நிலம் டிஸ்னியுடையது, ஹோட்டல் மேரியாட் கணக்கில் வருவது. எப்காட்டின் பின்வாசலுக்கு 10, 15 நிமிட நடை. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் கால்வாய் ஓரமாக நடைபாதை உண்டு, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடக்க முடியாவிட்டால் இரண்டுக்கும் படகு இருக்கிறது, காசு கிடையாது. தூங்கிப்போன 4 வயதுப் பிள்ளையைத் தள்ளுவண்டியோடு அப்படியே படகில் ஏற்றலாம், மடிக்கத் தேவையில்லை. பஸ்ஸில் பெரும்பாலும் மடிக்கச் சொல்வார்கள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் மடிய மறுக்கும் வண்டி, பின்னால் வரிசை என்று ஒரு தரம் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் முக்கியமானவை இங்கேயும் உண்டு. தினமும் எந்தப் பார்க்கிலும் அரை மணி முன்னதாக நுழையலாம். சில இரவுகளில் குறிப்பிட்ட பார்க் மூடிய பிறகும் 2 மணி நேரம் இருக்கலாம். வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேன் பாஸை 7 நாள் முன்னாலேயே எடுக்கலாம், வெளியே தங்குகிறவர்களுக்கு 3 நாள்தான்.

இனி பாயின்ட் கணக்கு. அன்றைய அறை வாடகையை வரியோடு எடுத்து, கேட்கிற பாயின்டால் வகுத்துப் பாருங்கள். ஆர்லாண்டோவில் அறைக்கு 12.5 சதவீத வரி, பாயின்டில் தங்கினால் அந்த வரி இல்லை. ஒரு பேச்சுக்கு, அறை 300 டாலர் என்றால் வரியோடு 337.50. அதற்கு 50,000 பாயின்ட் கேட்டால் ஒரு பாயின்டுக்கு 0.675 சென்ட் கிடைக்கிறது, சுமார்தான். ஆனால் மேரியாட்டில் ஒரே ஹோட்டலில் தொடர்ந்து 5 இரவைப் பாயின்டிலேயே எடுத்தால், பாயின்ட் குறைவான ஒரு இரவு இலவசம். அப்போது 5 இரவுக்கு 2,00,000 பாயின்ட், காசாகக் கொடுத்திருந்தால் 1,687.50 டாலர், ஆக 0.84 சென்ட். அது நல்ல விலை. இதே 5 இரவை 3 பாயின்டில், 2 காசில் என்று பிரித்தீர்களானால் அந்த இலவச இரவு போயே போய்விடும். மேரியாட் நிலையான பாயின்ட் அட்டவணையை 2022-லேயே கைவிட்டுவிட்டதால் தேதிக்குத் தேதி எண்ணிக்கை மாறும். நான் சொன்ன 50,000 உதாரணத்துக்குத்தான், உங்கள் தேதியைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு வலிகளையும் சொல்லிவிடுகிறேன். பாயின்டில் தங்கினாலும் ரிசார்ட் ஃபீ என்று தினமும் ஒரு கட்டணத்தை இங்கே டாலரில் வாங்குவார்கள், அதற்கு வரியும் சேரும். கார் கொண்டுபோனால் நிறுத்துவதற்குத் தனி. இரண்டாவது, மேஜிக் கிங்டத்துக்குப் போகும் ஹோட்டல் பஸ் பார்க் வாசலில் இறக்காது. ஏரிக்கு இக்கரையில் இருக்கும் டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டரில் இறக்கிவிடும் (எல்லாரும் டிடிசி என்பார்கள்). அங்கிருந்து மோனோரயிலோ பெரிய படகோ பிடித்துத்தான் அக்கரை. அரை மணி முன்னதாக நுழையும் சலுகையை இந்த மாறுதலே தின்றுவிடும். இதற்கு ஒரு வழி, காலையில் 10 நிமிடம் நடந்து பக்கத்து போர்டுவாக் ஹோட்டலுக்குப் போங்கள், அங்கே வரும் டிஸ்னி பஸ் மேஜிக் கிங்டம் வாசலிலேயே இறக்கும்.

கேள்வி: அக்கா, எனக்கு ஹில்டனில் நிறைய பாயின்ட் கிடக்கிறது. டிஸ்னியிலிருந்து சில மைல் தள்ளி ஒரு ஹோட்டல் மிகக் குறைந்த பாயின்டுக்குக் கிடைக்கிறது, ‘இலவச ஷட்டில்’ என்றும் போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன யோசனை, எடுத்துவிடலாம்தானே? (வாசகர், டல்லாஸ்)

பதில்: தம்பி, அந்த ‘இலவச ஷட்டில்’ என்ற இரண்டு வார்த்தையை நம்பி நான் பட்டதைச் சொல்கிறேன். ஹோட்டல் பெயர் வேண்டாம். காலையில் 2 நடை, மாலையில் 2 நடை, அவ்வளவுதான் ஷட்டில். முந்தைய நாளே பெயர் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்களுக்குக் காலை 8 மணிக்கு லாபியில் நின்றபோதுதான் தெரிந்தது. சரி, மறுநாள் எழுதிவைத்துப் போனோம். வண்டி வழியில் இன்னும் 3 ஹோட்டலில் நின்று ஆள் ஏற்றியது. திரும்பும் கடைசி நடையோ வாணவேடிக்கை தொடங்குவதற்கு முன்பே. சின்னவள் வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறினாள். அந்த ஒரு இரவில் நான் மிச்சம் பிடித்த பாயின்ட் எத்தனை என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை, அவள் முகம் ஞாபகமிருக்கிறது.

ஆகவே ஹோட்டலுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள், வலைத்தளத்தைப் படித்தது போதாது. எத்தனை மணிக்கு ஒரு தரம் வண்டி, முன்பதிவு வேண்டுமா, நாலு பார்க்குக்கும் போகுமா, கடைசி வண்டி எப்போது, வழியில் எங்கெல்லாம் நிற்கும். எதிர்முனையில் இருப்பவர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அதுவே பதில்.

ஹில்டன் பாயின்ட் இருக்கிறவர்களுக்கு என் யோசனை டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கம். அது கடைகளும் சாப்பாட்டு இடங்களும் நிறைந்த பகுதி, நுழைய டிக்கெட் கிடையாது. அதற்கு எதிரிலேயே ஹில்டன் பியூனா விஸ்டா பேலஸ், ஹில்டன் லேக் பியூனா விஸ்டா, டபுள்ட்ரீ என்று சில ஹோட்டல்கள் உண்டு. சாலையை மேம்பாலத்தில் நடந்து கடந்துவிடலாம். அரை மணி முன்நுழைவு அங்கே தங்குபவர்களுக்கும் கொடுக்கிறார்கள், இரவு கூடுதல் நேரம் கிடையாது. முழுக்கப் பாயின்டில் தங்கினால் ஹில்டன் ரிசார்ட் ஃபீ வாங்குவதில்லை. பாயின்ட் பாதி, காசு பாதி என்று எடுத்தால் வாங்குவார்கள், அந்த வலையில் விழாதீர்கள். ஹில்டன் உறுப்பினர் படிகளில் சில்வரோ அதற்கு மேலோ இருந்தால் இங்கேயும் தொடர்ந்து 5 இரவில் ஒன்று இலவசம்.

ஒன்றே ஒன்று கவனம். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கிருந்து டிஸ்னி பஸ் ஏறி நேராகப் பார்க்குக்குப் போய்விடலாம் என்று நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். அந்த பஸ்கள் டிஸ்னி ஹோட்டல்களுக்குப் போகிறவை. பார்க்குக்கு உங்கள் ஹோட்டல் ஷட்டில், இல்லையென்றால் ஊபர்.

கேள்வி: நாங்கள் சென்னையிலிருந்து துபாய் வழியாக ஆர்லாண்டோ வருகிறோம், மகன் குடும்பம் அட்லாண்டாவிலிருந்து காரில் வந்து சேர்ந்துகொள்ளும். என் மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. மகனிடம் மேரியாட் பாயின்ட் இருக்கிறது, என்னிடம் இந்தியாவில் கிரெடிட் கார்டோடு வந்த இலவச இரவு ஒன்று இருக்கிறது. எதை எங்கே பயன்படுத்துவது? (வாசகி, சென்னை)

பதில்: கார்டோடு வரும் இலவச இரவுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். இந்தியாவில் எச்டிஎஃப்சி மேரியாட் கார்டில் அது 15,000 பாயின்ட் மதிப்பு வரை. டால்ஃபின் மாதிரி இடத்துக்கு அது போதாது. ஆனால் அவ்வளவு நீண்ட பயணத்துக்குப் பிறகு முதல் இரவே டிஸ்னிக்குள் தங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இறங்குகிற அன்று எப்படியும் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை, படுத்தால் போதும் என்றிருக்கும். அந்த ஒரு இரவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 15,000-க்குள் வரும் சின்ன மேரியாட் ஹோட்டல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஹயாட் பாயின்ட் யாரிடமாவது இருந்தால் விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே ஹயாட் ரீஜென்சி இருக்கிறது. எமிரேட்ஸ் வந்து இறங்குவது புதிய டெர்மினல் சி, ஹயாட் இருப்பது பழைய கட்டடம், நடுவில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. மாமியாருக்கு விமான டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி கேட்டு வைத்துவிடுங்கள்.

மகனின் பாயின்டை உங்கள் கணக்குக்கு மாற்ற வேண்டுமா என்றால், தேவையே இல்லை. அவர் கணக்கிலிருந்தே முன்பதிவு செய்து, தங்குகிறவர் பெயராக உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாலும் நீங்கள் அறைச் சாவி வாங்கலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மேரியாட்டில் ஓர் ஆண்டில் 1,00,000 வரை கட்டணமில்லாமல் அனுப்பலாம். நேற்றுத் திறந்த கணக்குக்கு உடனே போகாது, அதனால் கணக்கை இப்போதே திறந்து வையுங்கள். ஹில்டனில் 11 பேர் வரை ஒன்றாகக் குவிக்கலாம், கூட்டுக் குடும்பத்துக்கு அது வசதி.

மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இங்கே ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடப்பது சர்வசாதாரணம், ‘எங்க அத்தை கோயிலுக்கெல்லாம் நடப்பாங்க’ என்று சொல்லாதீர்கள். பார்க்குக்குள் சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு, ஆனால் அதை வாசலுக்கு வெளியே கொண்டுவர முடியாது. வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும், பஸ்ஸிலிருந்து ஹோட்டல் அறை வரைக்கும் யார் தூக்குவது? முழு நாட்களுக்கும் வெளியே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தால் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருவார்கள். டிஸ்னி பஸ்களில் நாற்காலியை ஏற்றும் வசதி உண்டு, படகிலும் மோனோரயிலிலும் உருட்டிக்கொண்டே போகலாம். மத்தியானம் 1 மணிக்கு அவரை அறைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு 5 மணிக்கு மறுபடி போகலாம் என்றால், நடந்தோ படகிலோ திரும்பும் தூரத்தில் ஹோட்டல் இருந்தால்தான் நடக்கிற காரியம். 5 மைல் தள்ளித் தங்கினால் அவரும் இரவு 9 மணி வரை வெயிலிலும் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களை மேரியாட், ஹில்டன் பாயின்டில் எடுக்க முடியுமா? (வாசகர், டொராண்டோ)

பதில்: முடியாது. அங்கே வேறு மாதிரிப் பாயின்ட் ஒன்று உண்டு. டிஸ்னி வெகேஷன் கிளப் என்று 1991-ல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் ஆண்டுப் பாயின்டை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மோனோரயில் பாதையில் இருக்கும் பெரிய ஹோட்டல்களில் நேர் வாடகையை விடக் குறைவாகத் தங்க அது ஒரு வழி. உறுப்பினர் தன் சொந்த ஹோட்டலை 11 மாதம் முன்னாலும் மற்றவற்றை 7 மாதம் முன்னாலும் பதியலாம், அதனால் நீங்களும் அவ்வளவு முன்னால் தேதியை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் பணம் திரும்பி வராது. லீவு கடைசி நிமிடம் வரை உறுதியாகாத வேலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: கார் வாடகைக்கு எடுப்பதா, ஊபரா? முன்பு டிஸ்னியே விமான நிலையத்திலிருந்து இலவச பஸ் விட்டதாகச் சொல்கிறார்களே? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: அந்த மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் 2021-ம் ஆண்டோடு முடிந்துபோயிற்று. பழைய நினைப்பில் இன்னும் பலர் பெட்டியோடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மியர்ஸ் கனெக்ட் என்று கட்டணப் பஸ் ஓடுகிறது, தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஒருவர், இருவர் என்றால் அது பரவாயில்லை. நாலு பேர் என்றால் ஊபர் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து சுமார் 20 மைல், அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும்.

கார் வேண்டுமா என்பது நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டால்ஃபினில் தங்கி டிஸ்னியை மட்டும் பார்க்கிறவருக்குக் கார் ஒரு சுமை, 5 நாளும் ஹோட்டல் பார்க்கிங்கில் தூங்கும், அதற்கு வாடகை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வெளியே தங்குகிறவருக்கு அனேகமாகக் கார்தான் வசதி. ஆனால் பார்க் வாசலில் நிறுத்த ஒவ்வொரு நாளும் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு தரம் கட்டினால் அன்று முழுக்க நாலு பார்க்கிலும் அது செல்லும். வெளியே பாயின்டில் எடுத்த ‘இலவச’ அறைக்கு இந்தப் பார்க்கிங் கட்டணத்தையும் பெட்ரோலையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே வாங்கும் ரிசார்ட் ஃபீ அவ்வளவு கொடுமையாகத் தோன்றாது.

டோல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். விமான நிலையத்திலிருந்து போகும் 417, 528 இரண்டும் டோல் சாலைகள். கார் கம்பெனியின் டோல் திட்டத்தில் சேர்ந்தால் டோலோடு தினசரிக் கட்டணமும் ஏறும். விமான நிலையத்திலேயே விசிட்டர் டோல் பாஸ் என்று ஒரு அட்டையை இலவசமாகத் தருகிறார்கள், கண்ணாடியில் மாட்டினால் வெறும் டோல் மட்டும் போகும். திரும்பும்போது அதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இதைச் சொல்லித் தந்த ஒரு வாசகருக்கு நான் இன்னும் நன்றிக் கடன்பட்டிருக்கிறேன்.

ஊபரில் போகிறவர்கள் குழந்தை சீட்டை மறக்காதீர்கள். ஃபுளோரிடாவில் 5 வயது வரை கட்டாயம், 3 வயது வரை முழு சீட், 4, 5 வயதுக்கு பூஸ்டர் போதும். டிரைவர் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்றால் நியாயம் அவர் பக்கம். டிஸ்னி பஸ், படகு, மோனோரயிலில் இந்தப் பிரச்சினையே இல்லை. அப்புறம், ஊபர் மேஜிக் கிங்டம் வாசலுக்குப் போகாது, அதுவும் டிடிசியில்தான் இறக்கும். மற்ற மூன்று பார்க்கிலும் வாசல் பக்கமே இறக்கும்.

கேள்வி: யுனிவர்சலையும் 2 நாள் சேர்த்துக்கொள்கிறோம். அதே ஹோட்டலிலிருந்து போய் வரலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: வரலாம், ஆனால் டிஸ்னி பஸ் எதுவும் அங்கே போகாது. அவர்கள் போட்டிக் கடை. ஊபரில் போய் வரும் செலவை 2 நாளுக்கும் கூட்டுங்கள், 5-வது இரவு இலவசக் கணக்கு உடையாமல் இருந்தால் ஒரே இடத்திலேயே இருங்கள். யுனிவர்சலின் சொந்த ஹோட்டல்களை நடத்துவது லோஸ் நிறுவனம், உங்கள் மேரியாட், ஹில்டன், ஹயாட் பாயின்ட் எதுவும் அங்கே செல்லாது. 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் புதிய பார்க்கான எபிக் யுனிவர்ஸ் பழைய இரண்டு பார்க்குகளிலிருந்து சில மைல் தள்ளித் தனி இடத்தில் இருக்கிறது. டிரைவரிடம் ‘யுனிவர்சல்’ என்று மட்டும் சொல்லி ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: சிரிக்காதீர்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? என் வீட்டுக்காரர் சைவம், மூன்று நாளைக்கு மேல் பீட்சா என்றால் சண்டைக்கு வருவார். (வாசகி, டல்லாஸ்)

பதில்: ஏன் சிரிக்கப்போகிறேன், என் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் பெரிய ஹோட்டல் அறைகளில் சமைக்க அனுமதி இருக்காது, புகை உணரி வேறு கத்தும். சாப்பாடு உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் மேரியாட்டில் ரெசிடென்ஸ் இன், ஹில்டனில் ஹோம்வுட் சூட்ஸ் என்று அறைக்குள்ளேயே அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் உள்ள ஹோட்டல்கள் உண்டு, காலைச் சாப்பாடும் வாடகையில் அடக்கம். ஆர்லாண்டோவில் இவை நிறைய. பாயின்டும் பொதுவாகக் குறைவு. ஐந்தாவது ஆள் இருக்கும் குடும்பத்துக்கும் இவற்றின் சூட்ஸ்தான் ஒத்துவரும், சாதாரண அறையில் பெரும்பாலும் நாலு பேர் கணக்கு. நான் மேலே டால்ஃபினுக்காக இவ்வளவு வாதாடியதெல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதற்கு விலை கார், பார்க்கிங், போகவர ஒரு மணி நேரம்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு: டிஸ்னி பார்க்குக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சப்பாத்தி ரோல் எல்லாம் பையைச் சோதிக்கிறவர்கள் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். தயிர் சாதத்தை மட்டும் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள், ஃபுளோரிடா வெயில் அதற்கு மேல் விடாது.

கேள்வி: 5 இரவு போக 10,000 பாயின்ட் மிச்சமாகும். காலாவதி ஆகிவிடுமா? குறைகிற பாயின்டைக் காசு கொடுத்து வாங்கலாமா? (வாசகர், டொராண்டோ)

பதில்: மேரியாட், ஹில்டன், ஹயாட் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் ஒரு அசைவும் இல்லையென்றால் போய்விடும். நடுவில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலோ செலவானாலோ மறுபடி 24 மாதம். வாங்குவது பற்றி: மேரியாட்டின் வழக்கமான விலை 1,000 பாயின்டுக்கு 12.50 டாலர், அதாவது ஒன்று 1.25 சென்ட். முதல் பதிலில் நாம் போட்ட கணக்கில் கிடைத்தது 0.84. 3,000, 4,000 குறைந்து ஒரு இலவச இரவு தவறிப்போகிறது என்றால் வாங்குங்கள், சேமித்து வைக்கலாமே என்று வாங்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் ஜூலையில்தான் போக முடியும். மழை வந்தால்? மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை முடிந்து திரும்புவது பயங்கரக் கூட்டம் என்கிறார்களே? கடைசி நாள் இரவு 9 மணிக்கு விமானம், பெட்டிகளை என்ன செய்வது? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: மூன்று கேள்வியை ஒன்றாக அனுப்பிவிட்டீர்கள், சரி. ஜூலையில் மத்தியானம் 2, 3 மணிக்குமேல் இடியோடு மழை அனேகமாகத் தினமும் வரும், ஒரு மணி நேரத்தில் அடங்கும். இடி மின்னல் என்றால் படகும் நிற்கும், ஸ்கைலைனர் என்ற கேபிள் காரும் நிற்கும். 2019-ல் திறந்த அந்தக் கேபிள் கார் எப்காட் பின்வாசலையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் சில டிஸ்னி ஹோட்டல்களையும் இணைக்கிறது. யாரும் ஏறலாம், காசில்லை, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ராட்டினம். மழை நேரத்தில் அதை நம்பித் திட்டம் போடாமல் இருந்தால் சரி.

மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி நடப்பார்கள். பெரிய படகு ஒரு நடைக்கு 600 பேர் வரை ஏற்றும், அதனால் மோனோரயில் வரிசை நீளமாகத் தெரிந்தால் யோசிக்காமல் படகுக்குப் போங்கள். இல்லையென்றால் அரை மணி உள்ளேயே உட்கார்ந்து ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வாருங்கள், கடைகள் திறந்திருக்கும். நான் இரண்டாவது கட்சி.

கடைசி நாள் அறையைக் காலி செய்ததும் பெட்டிகளை பெல் டெஸ்கில் கொடுத்துவிட்டு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எப்காட்டை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக் கிங்டத்தைக் கடைசி நாள் வைக்காதீர்கள், திரும்பிவர படகு, பஸ் என்று இரண்டு மாறுதல். 4 மணிக்கு எப்காட்டை விட்டுக் கிளம்பினால், பெட்டி எடுத்து, பிள்ளைகளுக்கு உடை மாற்றி, 5 மணிக்குக் காரில் ஏறலாம். சாயங்காலம் ஐ-4 நெடுஞ்சாலை நகராது, டோல் சாலையிலேயே போகச் சொல்லுங்கள். பெல் டெஸ்கில் தரும் சீட்டைக் கணவர் பர்ஸில் வையுங்கள், பிள்ளைகள் கையில் வேண்டாம்.